குறை சொல்ல ஒன்றுமில்லை

பொல்ஸ்வார்ட்
அக்டோபர் 9

அன்புள்ள தங்கை ரின்ஸ்கேவுக்கு,

மாஸ்ட்ரிக்ட்டில் நீ நலமா? முழங்கால் வலி தேவலையா? இங்கே நான் எப்படி என்று கேட்பாய். நம் ஊர் வழக்கப்படி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதென்ன, அண்ணன் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று பார்க்காதே. போன ஞாயிறு ஃபோனில் நான் பேசியது உனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நீ "ஆமா, ஆமா" என்று சொன்ன இடங்களில் ஆமாம் சொல்ல எதுவும் இல்லை. நரம்பு டாக்டர் வசந்தத்தில் சொன்னது சரிதான். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் இந்த நோய் சிலருக்குக் காலில் தொடங்குமாம், சிலருக்குக் கையில். எனக்கு நாக்கில் தொடங்கியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டிய கைகள் இன்னும் சொன்னபடி கேட்கின்றன. அதனால் இனி இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

பௌக்யே என்று ஒரு நர்ஸ் காலையும் மாலையும் வருகிறாள். கெட்டிக்காரி. தண்ணீராக இருந்தால் புரையேறும் என்று சூப்பில் ஏதோ பொடியைக் கலந்து கூழாக்கித் தருகிறாள். சுவரொட்டி ஒட்டும் பசை நினைவுக்கு வருகிறது.

இன்னொரு விஷயம். கருணை மரணம் வேண்டும் என்று டாக்டர் டெர்ப்ஸ்ட்ராவிடம் கேட்டுவிட்டேன். சின்னப் பெண், முப்பத்து நாலு வயது, முகம் வெளுத்துப் போனாலும் முழுசாகக் கேட்டாள். என் வேதனை தாங்க முடியாததுதானா என்று வெளியிலிருந்து இன்னொரு டாக்டர் வந்து பார்க்க வேண்டுமாம். உனக்குத் தெரியாததா? பதினோரு வருஷம் அந்த வேலையைச் செய்தவள் நீ.

மார்ச் வரை இருந்தால், வசந்தம் வந்ததும் ஊரே தேடும் முதல் ஆள்காட்டிக் குருவி முட்டையை அடுத்த வருஷம் எவன் கண்டெடுக்கிறான் என்று பார்க்கலாம். போன தடவை கண்டெடுத்த நண்பன் ஹெரிட்டின் ஜம்பம் இன்னும் அடங்கவில்லை. அதற்காகவாவது இருக்கலாமே என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள் தோன்றவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வீட்சே


மாஸ்ட்ரிக்ட்
அக்டோபர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறினால்தான் வலி.

எச்சில் வழிவதைக் குறைக்க மருந்து உண்டு. டெர்ப்ஸ்ட்ரா கொடுத்திருக்கிறாளா? இல்லையென்றால் கேட்டு வாங்கு. விழுங்குவது சிரமமானால் வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம், சின்ன அறுவைதான். நீ தட்டெழுதினால் உனக்குப் பதிலாகப் பேசும் கருவி இருக்கிறது, காப்பீட்டில் தருவார்கள். மூச்சுக்கு முகமூடி இருக்கிறது. மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்து வருவது உண்டு, அதற்கும் மாத்திரை உண்டு. இலையுதிர் காலத்தில் இப்படிப்பட்ட முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். நவம்பர் தாண்டட்டும்.

வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு எண் எழுது. எடை எவ்வளவு? இரண்டாவது டாக்டர் யார் என்று தெரிந்ததா?

என் வீட்டுக் கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. இங்கே வந்து இருக்கலாம். யோசி.

நலம் விசாரித்ததாக பௌக்யேவிடம் சொல்.

அன்புடன்
ரின்ஸ்கே


பொல்ஸ்வார்ட்
அக்டோபர் 29

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மருந்துச் சீட்டு கிடைத்தது. தங்கச்சியின் கடிதம் இன்னும் வரவில்லை. தபாலில் எங்கோ தங்கிவிட்டது போலிருக்கிறது.

எடை அறுபத்தேழு. வலி மூன்று. எச்சில் மருந்து சாப்பிட்டால் வாய் உமி மென்றது மாதிரி ஆகிவிடுகிறது. குழாய் வேண்டாம். பேசும் கருவியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அது ஹேக் நகரத்து வானொலிக்காரன் மாதிரி பேசுகிறது. நம் ஃப்ரிசியப் பேச்சு அதற்குத் தெரியாது. அதன் வாயால் நான் "வணக்கம்" சொன்னதும் ஹெரிட் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் வீட்டுக் கீழ் அறைக்கு நன்றி. அங்கே வந்தால் உங்கள் தெற்கத்திக்காரர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது யாருக்கும் புரியாது. ஒருவிதத்தில் பொருத்தம்தான்.

இரண்டாவது டாக்டர் பெயர் லானிங்கா. லியூவார்டனிலிருந்து நவம்பர் பதினாலாம் தேதி வருகிறார். அவர் சரி என்றால் டிசம்பரில் முடிந்துவிடும் என்று டெர்ப்ஸ்ட்ரா சொன்னாள். "இது எனக்கு மூணாவது தடவைங்க" என்றாள். எனக்கு முதல் தடவை என்று எழுதிக் காட்டினேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

நீ நலமாக இருக்கிறாயா? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

வீட்சே


மாஸ்ட்ரிக்ட்
நவம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னது சரி. அது தங்கை எழுதிய கடிதம் இல்லை. உன் கடிதத்தை சமையலறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பதில் மருந்துதான், அதை எழுதினேன்.

நான் நலமாக இல்லை. உன்னைப் பற்றித்தான் எந்நேரமும் நினைக்கிறேன்.

லானிங்காவை எனக்குத் தெரியும். ஒரு பயிற்சி வகுப்பில் அடுத்தடுத்த நாற்காலி. பொறுமைசாலி, நல்ல மனிதர். அவர் வருவது நல்லதுதான்.

இங்கே மழை விட்டபாடில்லை. மாஸ் ஆறு கரை வரை வந்துவிட்டது. நீ கதகதப்பாக இரு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

உன்
ரின்ஸ்கே


பொல்ஸ்வார்ட்
நவம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

காலுறை வந்தது, கச்சிதம். உன் உடம்பு எப்படி? நான் வழக்கம்போல.

லானிங்கா வந்து போனார். நீ சொன்னது போல நல்ல மனிதர். பௌக்யே என்னை வழவழவென்று சவரம் செய்துவிட்டாள். ஓய்வுபெற்ற நாளில் போட்ட நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது, பின்னால் ஊசி குத்திச் சரிசெய்தாள். பேக்கரியிலிருந்து சர்க்கரை ரொட்டி வாங்கிவரச் சொல்லியிருந்தேன். மழையில் அவ்வளவு தூரம் வருபவரை வெறும் காபியோடு அனுப்ப முடியுமா?

உட்கார்ந்ததும் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன். மூன்று வார்த்தைக்கு அரை நிமிஷம். குறித்துக்கொண்டார்.

"வலி?"

மூன்று விரல் காட்டினேன்.

"ராத்திரி தூங்க முடியுதா?"

தலையாட்டினேன். தூக்கம் வருகிறதே, வரவில்லை என்று பொய்யா சொல்ல முடியும்?

"அப்ப எதுதான் உங்களால தாங்க முடியல?"

அதற்குத்தான் ஒரு மாதமாகத் தயார்செய்து வைத்திருந்தேன். எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பௌக்யே சொன்னாள். நான்தான், வந்த மனிதரிடம் காகிதத்தை நீட்டுவது மரியாதையாக இருக்காது என்றுவிட்டேன். "என்னை... எல்லாரும்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் எச்சில் கோட்டில் வழிந்துவிட்டது. துடைத்தேன். மறுபடி ஆரம்பித்தேன். அவர் முன்னால் சாய்ந்து என் கையைத் தொட்டார். "எல்லாரும் உங்களப் பாத்துக்க வேண்டியிருக்கு. அவங்களுக்குப் பாரமா இருக்கோமேன்னு மனசு கஷ்டப்படுது. அதானே?"

அதில்லை. ஆனாலும் தலையாட்டினேன். எவ்வளவு ஆதரவாகக் கேட்கிறார், இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆனா இப்போதைக்குத் தாங்கிக்க முடியுது?"

அதற்கும் தலையாட்டினேன். அவருடைய காபி ஆறிக்கொண்டிருந்தது.

வாசல் வரை நடந்து போய் வழியனுப்பினேன். "நல்லா நடக்கிறீங்களே" என்றார். ரொட்டி ருசியாக இருந்ததாம். அறிக்கை பத்து நாளில் வரும்.

வீட்சே


மாஸ்ட்ரிக்ட்
டிசம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? அறிக்கை வந்துவிட்டதா? வந்ததும் எழுது. ஃபோன் செய்தால் பௌக்யேதான் எடுக்கிறாள். "படிச்சிட்டிருக்காருங்க" என்கிறாள். நாலு முறையும் நீ படித்துக்கொண்டே இருக்கிறாய்.

நிக்கோலஸ் திருநாளுக்கு உன் பெயரின் முதல் எழுத்து வடிவத்தில் பெரிய சாக்லேட் அனுப்பினேன். தபால்பெட்டியில் போட்ட பிறகுதான், உன்னால் விழுங்க முடியாதே என்று உறைத்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அதை பௌக்யேவிடம் கொடுத்துவிடு. என்னை மன்னித்துக்கொள்.

உன்
ரின்ஸ்கே


மாஸ்ட்ரிக்ட்
டிசம்பர் 27

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு இங்கே யாரும் வரவில்லை, நானும் எங்கும் போகவில்லை. ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் கை போய்விட்டதோ என்று பயந்து டெர்ப்ஸ்ட்ராவைக் கூப்பிட்டேன். "கை நல்லாத்தான் இருக்கு. அவரே எழுதுவாருன்னு நினைக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. முறையாகத்தான் நடந்துகொண்டாள். அவளுடைய நிலையில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது டாக்டர் மறுத்துவிட்டார் என்றால் அதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சில வாரம் கழித்து மறுபடி கேட்கலாம். இதற்கிடையில் உனக்கு நல்ல நாட்களும் இருக்கக்கூடும்.

திட்டுவதானாலும் எழுது.

ரின்ஸ்கே


பொல்ஸ்வார்ட்
ஜனவரி 11

ரின்ஸ்கே,

இருக்கிறேன். எடை அறுபத்தொன்று. டிசம்பர் கடைசியில் ஒரு சின்னத் துண்டு உருளைக்கிழங்கு தொண்டையில் சிக்கி முகம் நீலமாகிவிட்டது. பௌக்யே பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன். பிழைத்தேன் என்பது அவள் சொன்ன வார்த்தை.

லானிங்காவின் அறிக்கையை டெர்ப்ஸ்ட்ரா காட்டினாள். "நோயாளியின் வேதனை உண்மையானது. எனினும் அது தாங்க முடியாதது என்று இப்போது என்னால் உணர முடியவில்லை." அது அவருடைய கருத்து. கோட்டும் ரொட்டியுமாக நான்தான் அவரை ஏமாற்றினேன் என்று ஒரு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். "வரும் வசந்தத்தில் முதல் ஆள்காட்டி முட்டை கண்டெடுக்கப்படுவதை அவர் ஆவலோடு எதிர்பார்க்கிறார். வாழ்வில் அவருக்கு இன்னும் பிடிப்பு உள்ளது."

அந்த முட்டையைப் பற்றி டெர்ப்ஸ்ட்ராவிடம் நான் பேசியதில்லை. பௌக்யேவிடம் பேசியதில்லை. லானிங்காவிடம் பேச எனக்கு நாக்கு இல்லை. உனக்கு மட்டும் எழுதினேன்.

பதில் எழுது.

வீட்சே


மாஸ்ட்ரிக்ட்
ஜனவரி 14

அண்ணா,

நான்தான்.

நவம்பர் எட்டாம் தேதி லானிங்காவுக்கு ஃபோன் செய்தேன். தங்கையாகப் பேசியிருந்தால் ஜாக்கிரதையாகக் கேட்டிருப்பார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசுவது போலப் பேசினேன். அவசரப்படுகிறான், மனச்சோர்வு இருக்கலாம், இன்னும் ஆசைகள் இருக்கின்றன என்றேன். சான்றாக முட்டையைச் சொன்னேன். மறுநாள் தோன்றவில்லை என்று நீ எழுதிய வரியைச் சொல்லவில்லை. அந்த வரி கண்ணில் படாமல் இல்லை. ஃபோன் பேசும்போது கடிதம் என் முன்னால்தான் விரிந்து கிடந்தது.

ஏன் என்று கேட்பாய். நீ போய்விட்டால் நம் வீட்டில் பிறந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். உன்னால் எது தாங்க முடியாது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எண் மட்டும்தான் கேட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வேலையில் இருந்தபோது ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலோரப் பூந்தொட்டிகளைப் பார்ப்பேன். மண் ஈரமாக இருந்தால், இவருக்கு இன்னும் எதிலோ பிடிப்பு இருக்கிறது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகப் பழகிக்கொண்டது. மேர்சன் ஊரில் திருமதி கெலன் என்று ஒரு டீச்சர். ஜன்னல் நிறைய செழிப்பான செடிகள். "இன்னும் தாங்கக்கூடிய நிலை" என்று எழுதத் தீர்மானித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் அந்த அம்மா சொன்னார்: "செடியையே பாத்துட்டிருந்தீங்களே. அதுக்குத் தண்ணி ஊத்துறது பக்கத்து வீட்டம்மா. எனக்கு அதுங்களப் பாக்கவே பிடிக்கல." கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, தீர்மானித்ததையே எழுதினேன். அதன் பிறகு நாலு மாதம் இருந்தார். அந்த நாலு மாதம் எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவே இல்லை.

லானிங்காவுக்கு இன்றே எழுதி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ரின்ஸ்கே


பொல்ஸ்வார்ட்
பிப்ரவரி 16

ரின்ஸ்கே,

ஒரு மாதம் உன்னைக் காக்க வைத்தேன். பாதி கோபம், பாதி கை. இப்போது பேனாவை விரல்களுக்கிடையில் பௌக்யே வைத்துக் கட்டிவிடுகிறாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி.

லானிங்காவுக்கு எழுதாதே. என் சார்பில் இனி யாருக்கும் எதுவும் எழுதாதே.

எது தாங்க முடியவில்லை என்று கேட்காமல் விட்டதாக எழுதியிருந்தாய். கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் ஒரு வார்த்தையைத் தொடங்குவேன். எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் இரக்கம் வரும். பிறகு அவசரம் வரும். பிறகு அவரே என் வாக்கியத்தை முடித்துவிடுவார். தப்பாக முடிப்பார். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் பத்து நிமிஷமும் ஒரு துண்டும் வேண்டும். அதனால் தலையாட்டுகிறேன். "ஜன்னலத் திறக்கணும், அதானே?" என்றாள் பௌக்யே ஒரு நாள். நான் சொல்ல வந்தது ரேடியோவை நிறுத்து என்று. தலையாட்டினேன். மதியம் வரை பனிக்காற்றில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் தப்பில்லை.

ஹெரிட் வந்தான். "அந்தப் பால் லாரிக் காலம்தான்டா சொர்க்கம்னு சொல்ற. அதானே?" என்றான். காலை நாலு மணிக்கு எழுந்து போன அந்த வேலையை முப்பத்தொரு வருஷமும் நான் வெறுத்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தலையாட்டினேன். அவன் போய் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான், வீட்சே லாரியை நினைத்துக் கண் கலங்குகிறான் என்று. என் பிறந்தநாளன்று எல்லோரும் வந்து, நம் ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்திக்கொண்டு, ஒரு பொம்மைப் பால் லாரியை என் மடியில் வைத்தார்கள். பெண்கள் அழுதார்கள். நான் தலையாட்டினேன். அது இப்போது என் எதிரில் மேஜைமேல் நிற்கிறது. எடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் சாவதற்கு முன்பே வேறு ஒருவன் இந்த வீட்டில் குடி வந்துவிட்டான். என் சட்டையைப் போட்டுக்கொள்கிறான். சாதுவானவன், எல்லாவற்றுக்கும் சரி என்பவன். ஊருக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அவனைச் சகிக்கவில்லை. நாளுக்கு நாள் அவன் பேசுவது அதிகமாகிறது, நான் குறைகிறேன். எழுதும் கையும் போனால் அவன் மட்டும்தான் இருப்பான். அதற்கு முன்னால் போக வேண்டும் என்றுதான் டிசம்பரைக் கேட்டேன்.

வலி மூன்றுதான். இதற்கு எண் கிடையாது.

நீ ஃபோனில் லானிங்காவிடம் செய்ததும் இதேதான். நான் எழுதிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை நீ முடித்தாய். மற்றவர்கள் தெரியாமல் செய்கிறார்கள். உன் முன்னால் கடிதம் விரிந்து கிடந்தது.

உன் முழங்கால் எப்படி?

வீட்சே


மாஸ்ட்ரிக்ட்
பிப்ரவரி 20

அண்ணா,

முழங்கால் பரவாயில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உன்னிடமிருந்து மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டேன். அது உனக்கு நல்ல காலமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று மாதத்தில் நடந்ததை நீ எழுதிவிட்டாய்.

யாருக்கும் எழுத மாட்டேன், யாரிடமும் பேச மாட்டேன்.

வந்து உன்னைப் பார்க்க ஆசை. ஆனால் கூப்பிடாமல் வரமாட்டேன். நான் செய்ததை உன்னால் மன்னிக்க முடிந்தால் ஒரு வரி எழுது, அடுத்த ரயிலில் வருகிறேன். முடியவில்லை என்றால் எழுத வேண்டாம். உன் கைக்கு வேலை கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

குளிருக்கு முதுகில் ஒரு தலையணை வைக்கச் சொல்.

ரின்ஸ்கே


பொல்ஸ்வார்ட்
மார்ச் 4 முதல் 9 வரை

ரின்ஸ்கே,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான்தான்.

வேறு டாக்டர் வந்தார். மெயின்ஸ்மா என்று ஒரு பெண்மணி. அன்று சவரம் வேண்டாம் என்றேன். கோட்டும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். எச்சில் கறைப் பைஜாமாவில் ஒரு டாக்டரை வரவேற்றேன். அம்மா பார்த்திருந்தால் மானம் போயிற்று என்று கதவைச் சாத்தியிருப்பாள். "எப்படி இருக்கீங்க?" என்று அவரும் கேட்டார். பழைய பதில் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நான் சிரமமில்லாமல் விழுங்கியது அது ஒன்றுதான். "நல்லா இல்ல" என்றேன். பிறந்ததிலிருந்து வந்தவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது.

பிறகு எழுதினேன். நாற்பது நிமிஷம். அவர் என் காகிதத்தை எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். உனக்கு எழுதியதைத்தான் சுருக்கி எழுதினேன். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதுல பாதி எனக்குப் புரியல. உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் இருக்கணும்னுதான் கேட்பேன்" என்றார். என் மனசு உடைந்துவிட்டது. "ஆனா நீங்க நான் இல்லையே. உங்களுக்கு இது தாங்க முடியலங்கிறது எனக்குத் தெளிவா தெரியுது. அப்படியே எழுதுறேன்" என்றார்.

அப்படியே எழுதினார். பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு டெர்ப்ஸ்ட்ரா வருகிறாள். கூட யார் இருக்க வேண்டும் என்று கேட்டாள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் நாலு நாளாகப் பேனாவைக் கட்டிக்கொள்கிறேன். வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லித் தலையாட்ட, உன்னிடமாவது எனக்கு இஷ்டமில்லை.

வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது. புதன்கிழமையே வந்துவிடு.

அண்ணன்